காதர் பாய் பதில் சொல்லவில்லை

இன்று காலை தேக்கா சந்தைக் கடையில் தேநீரை ஆறவிட்டு, கையடக்க ரேடியோவைக் காதோடு வைத்திருந்தேன். எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத் தலைவர் வாராவாரம் உறுப்பினர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கேட்பவர்கள் பதில் சொல்வோம்.

“காதர் பாய், இருக்கீங்களா?”

இரைச்சல்தான் வந்தது.

மறுபடி கூப்பிட்டுப் பார்த்தவர் சிரித்தார். “கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு லா. நம்ம கமிட்டி மேல இன்னும் கோவம்.”

பாய்க்குக் கோபம் இருந்தது உண்மை. “மெம்பர் சொல்றத ஒரு தடவையாச்சும் காது குடுத்துக் கேளுங்க” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மன்றாடியவர்.

போன மாதம் அவரை அடக்கம் செய்த அன்றே தலைவருக்குச் செய்தி அனுப்பினேன். அதை இன்னும் திறக்கவே இல்லை.

சொல்லிவிடலாமென்று பட்டனை அழுத்தினேன். அதற்குள் அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

உங்களில் யாருடைய செய்தியையாவது தலைவர் படிப்பாரென்றால், காதர் பாய்க்கு இப்போது யார்மேலும் கோபமில்லை என்று சொல்லிவிடுங்கள்.