சித்தி பார்த்த மேகம்

மழை வருமா என்று அறிய எங்கள் தெருவில் யாரும் பஞ்சாங்கத்தைப் புரட்டியதில்லை, சித்தியைக் கேட்டார்கள். அவள் அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு ஆம்பூரில் எங்களோடுதான் இருந்தாள். பக்கத்துத் தோல் ஷாப்பில் பதனிட்ட தோலைக் காயப்போடும் களம் அப்பாவின் பொறுப்பு. காயும் தோலில் மழைத்துளி பட்டால் கறை விழும். விழுந்த கறை போகாது. அதனால் அப்பாவின் வேலையில் பாதி வானத்தில் இருந்தது. அந்தப் பாதியைச் சித்திதான் பார்த்தாள்.

வானத்து உச்சியில் மேகம் சீப்பால் வாரியதுபோல் இழையிழையாக இருந்தால் அது சும்மா அழகுக்கு என்பாள். சிறிது சிறிதாக மந்தையாய் மேய்ந்தால் ஆட்டு மேகம். நிழல் தரும், பெய்யாது. அதில் ஒன்று கோபுரமாக வளர ஆரம்பித்தால் கண்ணை எடுக்கக் கூடாது. அதன் தலை கொல்லன் பட்டறைக்கல்போல் தட்டையாகப் பரந்துவிட்டால் இடி, ஆலங்கட்டி எல்லாம் உண்டு. அடியிலிருந்து வால்போல் ஏதாவது தொங்கினால் தோலை விட்டுவிட்டு உயிரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஏலகிரிப் பக்கம் அப்படித் தொங்கியதைப் பார்த்து அவள் கத்தியதால்தான், சூறைக்காற்று கொட்டகைக் கூரையைப் பிய்த்து எறிந்தபோது கீழே ஆள் இல்லை. அதன் பிறகு சித்தி சொன்னால் அப்பா அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை, ஓடுவார். சித்தியைவிடக் கெட்டிக்காரி உலகத்தில் இல்லை என்பது என் முடிவு. அதை மாற்றிக்கொள்ள இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவளைச் சோளிங்கர் வியாபாரி ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கேட்டு வந்தார்கள். அவருடைய மூத்த மகளுக்கே சித்தி வயதிருக்கும். சித்தி வேண்டாமென்று அழுதாள். "சோத்துக்குக் கஷ்டமில்லாத எடம். வேற இன்னா வேணும்?" என்றார் அப்பா. கெட்டவரல்ல, நல்லதென்று அவருக்குப் பட்டுவிட்டால் பிறகு யாராலும் அசைக்க முடியாது, அவ்வளவுதான்.

பெண் பார்க்க வரும் நாள் காலையில், மழை வந்து கெடுத்துவிடுமா என்று கேட்டேன். "எங்கடி, வெறும் ஆட்டு மேகம். தூறல்கூட வராது" என்று சித்தி பெருமூச்சு விட்டாள்.

வந்தார்கள், உட்கார்ந்தார்கள். தாம்பூலத் தட்டை மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்பா தட்டைக் கையில் எடுத்தபோது, தலைகுனிந்து நின்ற சித்தி வாசல் பக்கம் பார்த்து, "மாமா, தலை பரந்துடுச்சி" என்றாள்.

அப்பா தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். அம்மா ஓடினாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தியும் ஓடினாள். ஆள் போதாமல் மாப்பிள்ளை கையிலும் அப்பா ஒரு கட்டுத் தோலைத் திணித்தார். காயாத தோலின் சாறு பட்டு அவருடைய வெள்ளை வேட்டி மஞ்சளாயிற்று. எல்லாம் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் பிறந்திருந்தது. வெயில் பளிச்சென்று அடித்தது. "தட்டு மாத்தற நேரத்துல தோலைத் தேடி ஓடற பொண்ணு எங்களுக்கு ஆவாது" என்று மாப்பிள்ளையின் அக்கா ஸ்டேஷனுக்கு வண்டி கட்டச் சொன்னாள்.

ஒரு துளி விழவில்லை. "இன்னாம்மா, உனக்கே தப்பிடுச்சே" என்றார் அப்பா. எனக்குப் பொறுக்கவில்லை. என் சித்திக்காவது, மேகம் தெரியாமல் போவதாவது?

"சித்திக்கு ஒண்ணும் தப்பல. காத்தாலயே சொன்னாங்க, இது வெறும்…"

மிச்சத்தைச் சொல்லுமுன் ஒரு முழு அதிரசம் என் வாய்க்குள் வந்துவிட்டது. கல்யாணம் நின்றுபோன துக்கத்திலும் எனக்கு ஊட்டிவிடத் தோன்றுகிறதே, சித்திக்கு என்மேல் எத்தனை பிரியம் என்று நினைத்து, கண்கலங்க மென்றேன்.