பாக்கிஸ் பெயரில் கொடுத்த ரத்தம்

பந்தலேயோ பிறருக்குப் பதிலாகப் போவதற்கென்றே பிறந்தவன். சாட்சி சொல்ல வேண்டியவனுக்குக் காய்ச்சல் என்றால் கோர்ட்டுக்குப் பந்தலேயோ போவான். ஒரு கல்யாணத்தில், காணாமல் போன ஆட்டைத் தேடி மாப்பிள்ளை மலையேறிவிட, அவன் திரும்பும்வரை மணப்பெண் பக்கத்தில் முழங்காலிட்டு இடத்தைக் காத்தான். நண்பன் பாக்கிஸின் பாவங்களை மனப்பாடம் செய்துபோய்ப் பாதிரியாரிடம் ஒப்பித்து, அவர் விதித்த ஜெபங்களையும் தானே சொல்லி முடித்தான் என்று சார்டீனியாவின் அந்த மலையூரில் சத்தியம் செய்பவர்கள் உண்டு.

பாக்கிஸ் என்றால் அவனுக்கு உயிர். சிறுவயதில் திருமுழுக்கு யோவான் திருநாளன்று இருவரும் ஒரே கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு தீயைத் தாண்டியவர்கள். அப்படித் தாண்டியவர்கள் கூடப்பிறந்தவர்களுக்கும் மேல். சாகும்வரை ஒருவரையொருவர் ‘கொம்பாரே’ என்றுதான் அழைக்க வேண்டும். பாக்கிஸின் மகள் விதாலியாவுக்கு ஞானத்தகப்பனும் பந்தலேயோவே.

அந்தச் சிறுமிக்குத்தான் பெயர் தெரியாத ஒரு நோய். காலையில் ஆட்டுக்குட்டிகளோடு போட்டிபோட்டு ஓடுவாள். பொழுது சாயச் சாயக் கால்கள் முறுக்கிக்கொள்ளும். கோயிலில் மாலை மணி அடிக்கும்போது நிற்கக்கூட முடியாது. நகரத்து டாக்டர்கள் அவளைக் காலையில்தான் பார்த்தார்கள், பிடிவாதம் என்றார்கள். ஊர், கண்ணேறு என்றது. பந்தலேயோ தினமும் சாயங்காலம் அவள் விளையாடும் ஊற்றடிக்குப் போய், அவளை முதுகில் சுமந்து படியேறி வீட்டில் சேர்ப்பான்.

“ஞானப்பா, உன் முதுகு பூரா பாலாடைக்கட்டி நாத்தம்.”

“மகாராணிக்குப் புடிக்கலன்னா எறங்கி நடக்கலாம்.”

சொல்லிவிட்டு இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவள் கால்களை இன்னும் இறுக்கித் தாங்கிக்கொள்வான்.

இன்னதென்று யாருக்கும் பிடிபடாத நோய்களின் வேரை மரபணுக்களில் தேடும் டாக்டர் எஃபிசியா, ஒருநாள் தலைநகர் காலியாரியிலிருந்து வந்தார். வண்டி வழியில் பழுதாகி அவர் வந்து சேர்ந்ததே சாயங்காலம் என்பதால் அந்தக் கால்களை உள்ளபடி பார்த்தார். குழந்தை, அம்மா, அப்பா மூவர் ரத்தமும் வேண்டும் என்று சொல்லிப்போய், ஒரு நர்ஸை அனுப்பிவைத்தார். பாக்கிஸின் மனைவி கொனாரியாவும் மகளும் முதலில் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்கள். அடுத்து பாக்கிஸ் போக வேண்டும். கடாவைக் கொம்பைப் பிடித்து மல்லாத்தும் ஆள். ஊசி என்றால் மட்டும் குலை நடுங்கும்.

“கொம்பாரே, நீ போய்க் குடுத்துட்டு வாயேன். எனக்கு ஆடு கறக்கணும்.”

“காலையிலயே கறந்தாச்சே.”

“மறுபடியும் கறக்கணும்.”

பாக்கிஸின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு பந்தலேயோ போனான். அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய ரத்தசோகைப் பிள்ளைகள் நிறைந்த ஊர் அது. ஒருவர் முறைக்கு இன்னொருவர் போய் ரத்தம் கொடுப்பது அங்கே சாதாரணம். “பாக்கிஸா?” என்றாள் வெளியூர் நர்ஸ். அவன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான்.

சில மாதங்கள் கழித்து எஃபிசியா மறுபடி வந்தார். கொனாரியாவோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். பந்தலேயோ உரித்துக்கொண்டிருந்த மொச்சைக் கிண்ணத்தோடு வெளியே போய், சரியாக ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தான்.

“இதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், கொனாரியா. ஆனா நோய்க்குக் காரணம் தெரியணும்னா எனக்கு உண்மை வேணும். உங்க வீட்டுக்காரர் குடுத்த ரத்தத்தைப் பாத்தா, அவர் விதாலியாவோட அப்பா இல்ல.”

ரொட்டிமாவு பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

“டாக்டரம்மா, அந்தப் புள்ள காதைப் பாத்தீங்கல்ல? பாக்கிஸ் வம்சத்தை விட்டா அப்படியொரு காது கழுதைக்குத்தான் இருக்கும்.”

வெளியே மொச்சை சிதறியது. பிள்ளையின் காலுக்கும் அவள் தாயின் மானத்துக்கும் ஒரே கையால் தீங்கு செய்துவிட்டோம் என்று பந்தலேயோவுக்கு உறைத்தது. ஓடிப்போகப் பாதி எழுந்தான். ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.

“அது என் ரத்தம். கொம்பாரேக்குப் பதிலா நாந்தான் கையை நீட்டினேன். ரெண்டு பேரும் ஒண்ணுதானேன்னு…”

மாவுக்கையோடு கொனாரியா அவன் காதைப் பிடித்தாள்.

“ஒண்ணா? அப்ப இன்னிக்கு ராத்திரி அவனுக்குச் சோறு கிடையாது. அவனோட சேந்து நீயும் பட்டினி கிட.”

எஃபிசியா சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னார்: “குழந்தைக்கு அம்மாகிட்டேருந்து பாதி, அப்பாகிட்டேருந்து பாதி. அம்மா குடுத்த பாதியில ஒரு சின்னப் பிழை இருக்கு. அது ஒண்ணு மட்டும் நோயாகாது. அதே எடத்துல அப்பா பாதியிலயும் பிழை இருக்கான்னு தெரியணும்.”

“அப்ப அவனுக்குப் பதிலா…”

“இதுக்குப் பதில் ஆளே கிடையாது, பந்தலேயோ.”

வாழ்நாளில் அவனிடம் யாரும் சொல்லாத சொல் அது.

மறுநாள் ஒருபுறம் மனைவியும் மறுபுறம் கொம்பாரேயும் பிடித்துக்கொள்ள, பாக்கிஸ் கையை நீட்டினான். ஊசி ஏறியதுதான் தெரியும், ஓக் மரம் சாய்ந்ததுபோல் சாய்ந்தான். அவனையும் வீடுவரை சுமந்தது பந்தலேயோதான்.

அப்பாவின் பக்கமும் அதே பிழை இருந்தது. நரம்புகளுக்கு வேண்டிய ஒரு பொருளைப் பிள்ளையின் உடல் சரிவரச் செய்யவில்லை. தூக்கத்தில் சேர்கிற கொஞ்சமும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. எஃபிசியா தேடிப்போகும் பல நோய்களுக்கு மருந்தே இல்லை. இதற்கு இருந்தது, பயறளவு மாத்திரையாக.

சில வாரங்கள் போயின. மாலை மணி அடித்ததும் பந்தலேயோ ஊற்றடிக்கு வந்து, வழக்கம்போல் முதுகைக் குனிந்து காட்டினான். முதுகில் யாரும் ஏறவில்லை.

“எந்திரி ஞானப்பா. நானே நடக்கறேன்.”

அவள் படியேறினாள். பின்னால் போன பந்தலேயோவுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் முதுகுக்குப் பின்னால், அவள் கால்களைத் தாங்கிப் பழகிய இடத்திலேயே கோத்துக்கொண்டான்.

பாதிப் படியில் அவள் திரும்பிப் பார்த்தாள். “ஏன் இவ்ளோ மெதுவா வர்ற? உன்னைத் தூக்கணுமா?”

பந்தலேயோ நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“முட்டி லேசா வலிக்கத்தான் செய்யுது” என்றான்.