மைக் இல்லாத கூட்டம்

புதிய அரசியல் சட்டம் வந்த அன்று ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். "இனிமே யார் வேணும்னாலும் எது வேணும்னாலும் பேசலாம்" என்று என் தம்பி வீடு வீடாகப் போய்ச் சொன்னான். சில வருஷம் கழித்து, பேசினதற்காகவே அவனைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.

எங்கள் மலையாள ராஜ்யத்தின் தெற்கே உள்ள தமிழ்த் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று சாலைக் கடைத்தெருவில் பேசியிருக்கிறான். கல்லெறியவில்லை, யாரையும் திட்டவில்லை. அந்தக் கருத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு உடன்பாடு இல்லை. எனக்கும் இல்லை. வீட்டில் இதற்காக அவனோடு தினமும் சண்டை போடுவேன். அது எங்கள் சண்டை. நடுவில் போலீசுக்கு என்ன வேலை?

ஸ்டேஷனில் போய்ச் சட்டத்தைச் சொன்னேன். "சட்டம் ஒக்கெ சரிதன்னே. பட்சே உத்தரவு வேறயாணு" என்றார் மலையாளி இன்ஸ்பெக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு உத்தரவால் ஆள்வதற்குக் குடியரசு எதற்கு, பழைய ராஜாவே போதுமே!

பெண்களாகக் கூடி அவனை விடச் சொல்லிக் கேட்பது என்று தீர்மானித்தோம். கூட்டத்துக்கு இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்தார், இரண்டு நிபந்தனையோடு. மைக் கூடாது. ஒருத்திதான் பேச வேண்டும். கூட்டம் நடக்கவிருந்த பெரிய மைதானத்தில் என் குரல் நாலு வரிசை தாண்டாது என்று அவருக்குத் தெரியும். பேசவும் விட்ட மாதிரி, யார் காதிலும் விழாத மாதிரி!

வந்து உட்கார்ந்தவர்கள் வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிற அதே பெண்கள். அங்கே நான் முதலில் ஓர் அடி பாடுவேன், அவர்கள் திருப்பிப் பாடுவார்கள். நான் எழுந்து நின்று, "பின்னாடி கேக்கறதா?" என்றேன்.

"பின்னாடி கேக்கறதா?" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள்.

பழக்க தோஷம்! முன்வரிசை மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, பஜனைன்னு நெனச்சுட்டேண்டி!" ஒரே சிரிப்பு. ஆனால் மைதானத்துக் கோடியில் நின்ற இளநீர்க்காரர் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். அவர் காதுவரை எட்டியிருக்கிறது.

"என் தம்பி பேசினான்" என்றேன்.

"என் தம்பி பேசினான்!"

"அது குத்தம் இல்லை."

"அது குத்தம் இல்லை!"

ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். "ஒரு ஆள் பேசானல்லே சம்மதிச்சது?"

"ஒருத்திதான் பேசறேன், சாரே. இவா சொந்தமா ஒரு வார்த்தை சொல்லலையே!"

அவர் கூட்டத்தைப் பார்த்து, "நிர்த்து!" என்று கத்தினார்.

"நிர்த்து!" என்று கூட்டம் அவரைப் பார்த்துக் கத்தியது. இந்தத் தடவை அது பழக்க தோஷம் இல்லை.

சில நாளில் தம்பியை விட்டார்கள். சர்க்காரின் தயவு என்றார் இன்ஸ்பெக்டர். என்னுடையதைப் பிடுங்கி வைத்திருந்து திருப்பித் தருவதற்குப் பெயர் தயவா?

அடுத்த வெள்ளிக்கிழமை அதே மைதானத்தில் கூடினோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தம்பி எழுந்து நின்று, சாலைக் கடைத்தெருவில் அவனைப் பிடித்தபோது பேசிய அதே வாக்கியத்தைச் சொன்னான். நாங்கள் திருப்பிச் சொன்னோம். அந்தக் கருத்தில் எனக்கு அன்றும் உடன்பாடு இல்லை. எல்லாரையும்விட உரக்கச் சொன்னவள் நான்தான்.