நர்ஸ் அக்காவின் சுடுகாட்டு ராப்

இன்று மாலை ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ். டிரைவர் போட்ட பிரேக்கில், பக்கத்து சீட்டிலிருந்த நர்ஸ் அக்காவின் ஹெட்போன் ஒயர் போனிலிருந்து கழன்றுவிட்டது.

கரகரவென்று ஓர் ஒலிப்பதிவு. சாவு மணி. நடுவே ஒருவன் ஆங்கிலத்தில் பிணம், கத்தி, குழி என்று அடிக்குரலில் உறுமிக்கொண்டிருந்தான்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"இன்னாம்மா, பேய்ப் படமா?" என்றார் கண்டக்டர்.

"பாட்டுண்ணா" என்று அக்கா அவசரமாக அணைத்தார்.

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். தலையில் மல்லிப்பூ, மடியில் டிபன் பை. இவரா இதைக் கேட்கிறார்?

"எப்படிக்கா இதெல்லாம் பிடிக்குது?" என்று கேட்டேவிட்டேன்.

"அமெரிக்காவுல தெக்குப் பக்கத்துப் பசங்கம்மா. ஊட்லயே பாடி கேசட்டு போட்டவனுங்க. பயமுறுத்துற ராப்பு, ஹாரர்கோர்னு சொல்வாங்க."

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"நான் ஐசியூல கீறேன். காலைல ஒரு பொண்ணு என் கையப் புடிச்சிகினே போய்ட்டா. அங்க அழ முடியுமா? அடுத்த பெட்ல ஆள் கீது. இந்தப் பாட்டுக்காரன் எனக்கும் சேத்து கத்துறான். இத்த கேட்டுகினே போனா, ஊட்ல புள்ளைங்களாண்ட சிரிச்சிப் பேசலாம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கரையான்சாவடியில் இறங்கும்போது ஆல்பத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். இரண்டாவது பாட்டில் எல்லா லைட்டையும் போட்டேன். மூன்றாவதில் அம்மாவைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன்.

பயந்தாங்கொள்ளிகளுக்கென்று தனியாக ஹாரர்கோர் இருந்தால், தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.