மீசை முறுக்கிய மின்ஜி

நேற்றுக் காலை அடுப்படியில் நின்றிருந்த மனைவியிடம் ஒரு டம்ளர் காபி கேட்டேன். அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. "ஏனுங்க, நான் இங்கதானுங்க நிக்கறேன். எதுக்குங்க இந்தக் கத்துக் கத்தறீங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்த்தாற்போல் இருந்த பட்டறையின் விசைத்தறிகளைப் போன வாரம் பழைய இரும்புக்காரர் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சத்தம் போய்விட்டது. என் தொண்டைக்குத்தான் இன்னும் தாக்கல் போய்ச் சேரவில்லை.

எடப்பாடியில் எங்கள் தெருக்காரர்கள் பேசிக்கொண்டால் வெளியூர்க்காரர்கள் சண்டை என்றுதான் நினைப்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் நான் "காபி நல்லா இருக்குதுங்க" என்று சொன்னதற்கே மாமனார் பதறிப்போய் எழுந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குள்ளே அந்தக் கத்தலும் எடுபடாது. அங்கே கைசாடைதான் பாஷை. கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்தால் டீ. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார், சூதானம். எங்கள் முதலாளிக்கு மீசையே கிடையாது, அது வேறு கதை. இரண்டு ஆள்காட்டி விரல் நுனிகளையும் சேர்த்துச் சட்டென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது, தறியை நிறுத்து. யார் காட்டினாலும் முதலில் நிறுத்த வேண்டும், கேள்வி அப்புறம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டித் திருகினால் முடிச்சுப் போட்டாயிற்று, ஓட்டு.

பகலில் தறி ஓட்டிய நாங்கள் நான்கு பேர் நோம்பி, திருவிழா நாட்களில் கோயில் வாசலில் மேளம் அடிப்போம். நான் உறுமி. செல்லமுத்து அண்ணன் பம்பை. மேளச் சத்தத்திலும் வாய்ப்பேச்சுக்கு வேலையில்லை என்பதால் பட்டறைச் சாடைகளையே அங்கேயும் வைத்துக்கொண்டோம். விரலுக்குப் பதில் குச்சி, அவ்வளவுதான்.

எங்கள் மேளத்தை யாரோ செல்போனில் படமெடுத்துப் போட, அதைப் பார்த்துச் சென்னையிலிருந்து ஓர் அமைப்பினர் தேடிக்கொண்டு வந்தார்கள். கொரியாவில் அந்த ஊர் மேளக்காரர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமாம். செல்லமுத்து அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அங்க சோறு கெடைக்குமுங்களா?" சோறு கிடைத்தது. குளிரும் கிடைத்தது. அண்ணன் குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு விமானத்தில் ஏறியவர், திரும்பி வந்து கோவையில் இறங்கித்தான் கழற்றினார்.

அங்கேதான் மின்ஜியைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். அவள் வாசிக்கிற ஜாங்கு என்ற மேளம் நடுவில் இடுப்பு ஒடுங்கி, நம் உறுமிக்குப் பெரியக்கா மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. போன பயம் மொழிபெயர்க்க வந்த பையன் காய்ச்சலில் படுத்ததும் திரும்ப வந்தது. நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டு, அடிதடி ஆகப்போகிறது என்று அரங்கத்துக் காவலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

வேறு வழி? சாடையில் இறங்கினோம். மின்ஜி கற்பூரம். நூல் அறுந்த சாடையும் முடிச்சுச் சாடையும் டீ குடிப்பதற்குள் பிடித்துக்கொண்டாள். உறுமியை வளைகுச்சியால் தேய்த்து உறும வைக்கத்தான் அவளால் கடைசி வரை முடியவில்லை. அவள் தேய்த்தால் பூனைக்குட்டி அழுகிற சத்தம் வரும். நான் ஜாங்கு வாசித்தபோது அவள் காதைப் பொத்திக்கொண்டாள், கணக்குச் சரியாகிவிட்டது. ஒத்திகை நடுவே அரங்கத்து மேலாளர் அம்மா கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பழக்கதோஷத்தில் நான் மீசையை முறுக்கிவிட்டேன். செல்லமுத்து அண்ணன் விறைப்பாக நின்றார். மின்ஜி என்னைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் எந்தக் கோட்டுக்காரர் கதவைத் திறந்தாலும் இல்லாத மீசையை முறுக்குவது அவள் வேலையாகிவிட்டது. கச்சேரியில் ஒரே மேடையில் ஒரே விரிப்பில் தோளோடு தோள் உரச நின்று வாசித்தோம். கீழே இறங்க மனசே வரவில்லை.

அடுத்த பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு அவள் வந்தாள். கோயில் தர்மகர்த்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. மேடை, சிவப்புக் கம்பளம், சாய்வு நாற்காலி, சால்வை. எல்லாம் அவளுக்கு. நாங்கள் வழக்கம்போல் கீழே மண்ணில். எங்கள் தெரு ஆட்கள் அந்தக் கோயில் மேடையில் ஏறி ஒருவரும் பார்த்ததில்லை. ஏறக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

நான் தோளிலிருந்து உறுமியைக் கழற்றப் போனேன். செல்லமுத்து அண்ணன் என் தோளை அழுத்தினார். "உடு சாமி. இந்த நோம்பி போச்சுன்னா சுத்துப்பட்டுல ஒருத்தனும் நம்மளக் கூப்புட மாட்டான்."

சரி என்றுதான் ஆரம்பித்தேன். அவள் மேலே, நாங்கள் கீழே. மேளம் சூடு பிடித்தது. அவள் கழுத்தை நீட்டி நீட்டி எங்களைத் தேடுவது தெரிந்தது. அந்தச் சமயம் பார்த்து தர்மகர்த்தா மைக்கைப் பிடித்தார். "வெளிநாட்டு விருந்தாளிக்கு நம்மூரு ஆளுங்க கீழயிருந்து பக்கவாத்தியம் பண்றாங்க!"

பக்கவாத்தியமா? அவ்வளவுதான். இரண்டு குச்சிகளின் நுனியையும் தலைக்கு மேலே சேர்த்துப் பிரித்தேன். பம்பை நின்றது. மற்ற இரண்டும் நின்றன. மேலே ஜாங்குவும் நின்றது.

"ஏப்பா, என்னாச்சு?" என்றார் தர்மகர்த்தா.

"ஒரே தாளம் ரெண்டு ஒசரத்துல ஓடாதுங்க. நாங்க மேல வாரோம். இல்லீன்னா அவங்க கீழ வரட்டும்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குதல்ல?"

"கொரியாக்காரங்க வந்து மேளம் அடிக்கறது எந்த வழக்கமுங்க? அவங்களுக்கு மாத்துனீங்கல்ல, எங்களுக்கும் மாத்துங்க."

என் குரல்தான் தெரியுமே, மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கும். அவர் முகம் சிவந்துபோய் மின்ஜியிடம் திரும்பி, அடி, அடி என்று கையை ஆட்டினார். அவளுக்கு எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, இல்லாத மீசையை நிதானமாக முறுக்கினாள்.

கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் தறிக்காரர்கள். அந்தச் சாடை அவர்களுக்கு அத்துப்படி. அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பை அந்த வாசல் கேட்டிருக்காது. தர்மகர்த்தாவும் மழமழவென்று மழித்த முகக்காரர் என்பது இன்னும் வசதியாகப் போய்விட்டது. "ஏத்துங்கப்பா மேல!" என்று ஒரு பெண் குரல் கொடுத்தாள். நாலு பக்கமிருந்தும் அதே குரல் எழுந்தது. ஏறினோம். மேடையில் நின்று விரல்களை ஒட்டித் திருகினேன். முடிச்சுப் போட்டாயிற்று, ஓட்டு.

அண்ணன் பயந்தது அப்படியே நடந்தது. அடுத்த வருஷம் எங்களுக்கு வெற்றிலை பாக்கு வரவில்லை, டி.ஜே. பெட்டிதான் வந்தது. இன்றுவரை கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும். "மேடையேறுன கால இனி எறக்க முடியாது சாமி" என்று சொன்னவர் அதே செல்லமுத்து அண்ணன்தான். அதற்கப்புறம் மேடை இடுப்பளவு ஒசரம்தான் என்றாலும் எல்லாரும் ஒரே ஒசரம் என்று ஒப்புக்கொள்கிற இடத்துக்கு மட்டும்தான் போகிறோம். பல மாதம் கச்சேரி ஒன்றும் இருக்காது.

நேற்றுச் சாயங்காலம் மின்ஜி வீடியோவில் வந்தாள். பட்டறைச் சத்தம் கேட்காததால் காதைத் தொட்டுக் காட்டி என்ன என்று கேட்டாள். செல்போனைத் திருப்பிக் காட்டினேன். வெறும் கொட்டகை, தரையில் எண்ணெய்க் கறை, தறிகள் நின்ற இடத்தில் பிடுங்கிய குழிகள். செல்போனைத் திண்ணையில் சாய்த்துவைத்து, இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிரித்தேன். அவள் கையைத் தூக்கி விரல்களை ஒட்டித் திருகினாள்.

பட்டறை போய்விட்டது. அந்தச் சாடைகளைப் பேசியவர்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். தெருவே ஊமையாகக் கிடக்கிறது. ஆணியில் தொங்கிய உறுமியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முன்பெல்லாம் தறிச் சத்தத்தில் என் உறுமி பக்கத்து வீட்டைத் தாண்டியதில்லை. இப்போது தேய்த்தால் தர்மகர்த்தா வீடு வரைக்கும் கேட்கும்.