அனுப்பாமல் வைத்திருந்த திருத்தம்

“தப்பு வந்தா கம்ப்யூட்டரே தப்புன்னு சொல்லாதா? அதுக்கு ஒரு ஆளு உக்காந்து பாக்கணுமா?” என்று சித்தப்பா கேட்டார். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவருக்கு ஒரு ஜூஸ் கடை இருக்கிறது. அன்று கூட்டமில்லை. நான் கடை பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன்.

“சொல்லும் சித்தப்பா. சொல்றத நாம சரியா கேக்கறமான்னுதான் பாக்கறேன்.”

“இதுக்கு இன்னா குடுக்கறாங்க?”

“ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. என் பேரு வரும்.”

“பேரு கல்யாணப் பத்திரிகையிலகூடத்தான் வரும்” என்று சிரித்தார்.

சம்பளத்துக்குச் சென்னை நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இது வேறு. கணினியை உள்ளிருந்து நடத்தும் மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். நான் படித்துக்கொண்டிருந்த கெர்னலுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால், அனுப்பியவர் பெயர் அதன் வரலாற்றில் நிற்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அங்கே என் பெயர் இருக்க வேண்டும் என்பதை நான் வெறும் ஆசையாக நினைக்கவில்லை, எனக்குச் சேர வேண்டியது என்றே நினைத்தேன்.

கெர்னலின் சிறு சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட்களில் ஒன்றில்தான் அந்தத் தவறைக் கண்டேன். அம்மா செங்கம் சாலையில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். அவளுக்குப் புரியும்படி சொன்னேன்.

“ரிசப்ஷன்ல ரூம் கேக்கறோம்னு வச்சுக்கோ. இருந்தா சீட்டுல ரூம் நம்பர் எழுதிக் குடுப்பாங்க. இல்லன்னா, ஏன் இல்லன்னு அதே சீட்டுல வேற ஒரு நம்பர் எழுதிக் குடுப்பாங்க. இந்த டெஸ்ட் சீட்டு காலியான்னு மட்டும்தான் பாக்குது. காலியா இல்லன்னா, ரூம் கெடச்சிடுச்சுன்னு மாடிக்குப் போயிடுது.”

“போய்?”

“இல்லாத ரூம் கதவத் தொறக்குது. மெஷினே நின்னுடும்.”

“அந்த ரிசப்ஷன்காரன மொதல்ல வேலைய விட்டுத் தூக்கணும்” என்றாள் அம்மா. மறுநாள் விடுதி முழுக்க என் பெயர் எங்கேயோ வரப்போகிறது என்று சொல்லிவிட்டும் வந்தாள்.

நான் ரூம் என்றது கணினியின் நினைவகத்தை. அது கிடைக்காவிட்டால், இந்த ஒரு டெஸ்ட் தோற்றது என்று மட்டும் தெரிய வேண்டும். அதற்குப் பதிலாக மற்ற டெஸ்ட்களும் ஓடாமல் எல்லாமே விழுந்துவிடும். திருத்தம் ஒரு வரிதான்: கைக்கு வந்தது காலியா என்பதோடு, ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லும் பிழை எண்ணா என்றும் கேட்க வேண்டும். ஒரே மத்தியானத்தில் எழுதிவிட்டேன். ஆனால் அனுப்பவில்லை.

திருத்தங்கள் எல்லோரும் படிக்கும் ஒரு மின்னஞ்சல் பட்டியலுக்குப் போக வேண்டும். அங்கே எழுதியதை அழிக்க முடியாது. புதியவர் ஒருவருக்கு, ‘இதை ஏன் செய்கிறாய் என்றே விளங்கவில்லை’ என்று வந்திருந்த பதிலைப் படித்திருந்தேன். எனக்கு அப்படி ஒன்று வரக்கூடாது. கல்லூரி முதல் வருடத்தில் என் ஆங்கிலத்துக்கு எழுந்த சிரிப்பு போதும். ஆகவே திருத்தத்தோடு போக வேண்டிய விளக்கக் கடிதத்தைத் திருத்தித் திருத்தி எழுதினேன். பௌர்ணமி வந்து போனது. அடுத்த பௌர்ணமியும் வந்து போனது.

ஒருநாள் காலையில் பட்டியலைத் திறந்தபோது அதே டெஸ்ட், அதே வரி. வேறு யாரோ அனுப்பி, ஏற்றுக்கொண்டும் இருந்தார்கள். அவருடைய விளக்கம் இரண்டே வாக்கியம்.

“வந்துச்சாடி பேரு?” என்று அம்மா கேட்டாள்.

“வேற ஒருத்தர் அனுப்பிட்டாரும்மா.”

“நீ கண்டுபுடிச்சத அவரு எப்பிடி அனுப்புவாரு?”

“அவரும் கண்டுபுடிச்சாரு.”

“அப்ப நீ ஏன் அனுப்பல?”

தட்டைக் கழுவப் போனேன். விடுதியில் கேட்பவர்களுக்கு அவள் என்ன சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

குறை கண்டுபிடிக்கத்தான் அவருடைய திருத்தத்தை இறக்கி ஓட்டினேன். நினைவகம் கிடைக்காதபடி வேண்டுமென்றே செய்தேன். டெஸ்ட் சரியான இடத்தில் நின்றது. ஆனால் கடைசியில், வாங்கிய நினைவகத்தையெல்லாம் திருப்பிக் கொடுக்கும் பகுதி, அந்தப் பிழை எண்ணையே நினைவகம் என்று நம்பித் திருப்பிக் கொடுக்கப் போய் விழுந்தது. ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு என்னுடையதைத் திறந்து பார்த்தேன். அதிலும் அதே ஓட்டை. நினைவகம் கிடைக்காமல் போகும் நிலையில் என் திருத்தத்தை நான் ஒருமுறைகூட ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. அத்தனை நாளும் கடிதத்தைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். முதல் வாரமே அனுப்பியிருந்தால் யாராவது கடுமையாகவேனும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கடுமை எனக்கு வந்திருக்க வேண்டியது, அதையும் இழந்துவிட்டேன்.

பழைய கடிதத்தை அழித்தேன். திருப்பிக் கொடுக்கும் பகுதியைச் சரிசெய்து, நினைவகம் இல்லாமலும் ஓட்டிப் பார்த்தேன். என்ன விழுகிறது, ஏன் விழுகிறது என்று மூன்று வாக்கியம் எழுதி, முதல் திருத்தத்தைச் செய்தவருக்கும் ஒரு நகல் போட்டு, சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம் “வரேன்” என்று சொல்லிக்கொண்டே அனுப்பிவிட்டேன்.