வாரண்டி சீலுக்குச் சந்தனக்காப்பு

ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கிறேன். போன மாதம் கம்ப்யூட்டர் அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுபோனது. என் கணவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, "உள்ள இருக்கற ரேமைக் கழட்டி ரப்பரால தேச்சா சரியாயிடும்" என்றார். வாரண்டி இருக்கிறதே என்று தடுத்துவிட்டு, தென்னூரில் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். "திறக்காதீங்கம்மா, அதுலயே மெமரி டெஸ்ட் இருக்கு, ஓட்டிப் பாருங்க" என்று வழி சொன்னார்கள். ஓட்டினேன். மெமரியில்தான், அதாவது அவர் சொன்ன அந்த ரேமில்தான், கோளாறு என்று காட்டியது.

கடைக்குத் தூக்கிப் போனோம். சர்வீஸ் செய்பவர் பின்பக்கம் திருப்பி, "சீல் எங்கம்மா? சந்தனக்காப்பே சாத்தியிருக்கீங்க" என்றார். முன்பக்கம் பட்டன் இருக்கிறதே என்று, ஆயுத பூஜைக்குப் பின்பக்கம் பொட்டு வைத்தது நான்தான். அது, பெட்டியைத் திறந்தால் கிழிகிற வாரண்டி சீலை மூடிக் காய்ந்திருந்தது.

"கிழிஞ்சிருந்தா வாரண்டி கிடையாதும்மா."

நான் கணவரைப் பார்த்தேன். "என்னை ஏன் பாக்குற? நான் தொடவே இல்ல" என்றார்.

ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தார்கள். சீல் முழுசாக இருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பழுதான ரேமை இலவசமாகவே மாற்றிக் கொடுத்தார்கள்.

இப்போதெல்லாம் பூஜைப் பொட்டைக் கம்ப்யூட்டர் மேசைக்குத்தான் வைக்கிறேன். கோளாறு என்றால் முதலில் டெஸ்ட் ஓட்டுகிறேன். நான் ஒளித்துவைத்த ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.